வெர்திக்கியோவில் தொடங்குங்கள்: இத்தாலிய மண்ணின் சுள்ளென்ற வெள்ளை ஒயின்கள்

இத்தாலிய வெள்ளை ஒயின் கேட்டால் பெரும்பாலான கடைகளில் முதலில் எடுத்து நீட்டுவது பினோ கிரிஜோ. இத்தாலியில் அது ஏராளமாக விளைகிறது என்பது உண்மைதான். ஆனால் அந்தத் திராட்சையின் பூர்வீகம் பிரான்சின் பர்கண்டி. மலிவு விலைப் பாட்டில்களில் பெரும்பாலானவற்றில் குளிர்ச்சி மட்டும்தான் இருக்கும். விழுங்கிய மறுகணம் வாயில் ஒன்றும் மிஞ்சாது. இத்தாலியின் சொந்தத் திராட்சைகளோ நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. அவற்றில் புளிப்பும் உப்புச்சாயலும் லேசான கசப்பும் சேர்ந்து நாக்கைத் தட்டியெழுப்பும் சிலவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறோம். மத்திய இத்தாலியில் மார்கே பிராந்தியத்தின் வெர்திக்கியோ, வெரோனாவுக்குக் கிழக்கே சோவாவே, நேப்பிள்ஸிலிருந்து உள்நாட்டுப் பக்கம் மலைநாடான இர்ப்பினியாவின் கிரேக்கோவும் ஃபியானோவும், சிசிலியில் எட்னா எரிமலைச் சரிவின் கரிக்கான்தே. ஒரே ஒரு பாட்டில்தான் வாங்க முடியும் என்றால் வெர்திக்கியோ வாங்குங்கள். கொடுக்கிற காசுக்கு இவ்வளவு திருப்பித் தரும் வெள்ளை ஒயின் இத்தாலியில் வேறு கிடையாது என்பது எங்கள் உறுதியான கருத்து.

பாட்டில்களுக்குப் போகுமுன் புளிப்பைப் பற்றிக் கொஞ்சம். ஒயினின் புளிப்பில் பெரும்பங்கு டார்டாரிக் அமிலம். நம் வீட்டுப் புளியிலும் அதே அமிலம்தான். அடுத்தது பச்சை ஆப்பிளில் உள்ள மாலிக் அமிலம். நொதித்தல் முடிந்ததும் ஒயினை அதன் போக்கில் விட்டால், பாக்டீரியாக்கள் மாலிக் அமிலத்தைத் தயிரில் இருப்பது போன்ற லாக்டிக் அமிலமாக மாற்றிவிடும். புளிப்பு மழுங்கி வெண்ணெய் வாடை எட்டிப்பார்க்கும். சுள்ளென்ற ஒயின் வேண்டுகிறவர்கள் தொட்டியைக் குளிரவைத்தும், கொஞ்சம் கந்தக டையாக்சைடு சேர்த்தும், வடிகட்டியும் அதைத் தடுத்துவிடுகிறார்கள். இது ஒருவகைத் தேர்வு, அவ்வளவே. தடுக்காமல் விட்ட நல்ல ஒயின்களும் உண்டு. கீழே ஒன்று வருகிறது.

குடிக்கும்போது சோதிக்க எளிய வழி இருக்கிறது. ஒரு வாய் விழுங்கிவிட்டு மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். அதற்குள் நாக்கின் இரு ஓரங்களிலும் எச்சில் ஊறிக்கொண்டே இருந்தால் புளிப்பு உண்மையானது. ஊறாமல் வாய் வெறுமனே ஜில்லென்றிருந்தால் நீங்கள் ரசித்தது குளிர்சாதனப் பெட்டியை. இன்னொன்று, மிச்சச் சர்க்கரை. ஐரோப்பிய விதிப்படி லிட்டருக்கு 4 கிராம் வரை தாராளமாக ‘உலர்’ ஒயின், அதாவது இனிப்பில்லாதது. அமிலம் அதற்கு ஈடாக இருந்தால் 9 கிராம் வரைகூட அந்தப் பெயரிலேயே விற்கலாம். மெலிந்த ஒயினின் குறையை மறைக்க 6, 7 கிராம் சர்க்கரையை விட்டுவைப்பது வழக்கம். தயாரிப்பாளரின் இணையதளத்தில் தொழில்நுட்பத் தாள் இருந்தால் இந்த எண்ணைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். 3 கிராமுக்குக் கீழே இருந்தால் நிம்மதி.

இனி வெர்திக்கியோ. மார்கேயில் இது இரண்டு இடங்களில் விளைகிறது, இரண்டும் இரண்டு குணம். யேசி நகரைச் சுற்றிய குன்றுகள் அட்ரியாட்டிக் கடலைப் பார்த்து இறங்குகின்றன, கடற்காற்று தடையில்லாமல் ஏறிவரும். இங்கே விளைவது ‘வெர்திக்கியோ தெய் காஸ்தெல்லி தி யேசி’, 1968 முதல் டிஓசி தகுதி, அதாவது விளையும் இடத்துக்கும் தயாரிப்புக்கும் சட்டப்படி விதிகள் வகுத்த பெயர், உள்ளது. மத்தேலிகா உள்நாட்டில் மலைகளுக்கு நடுவே இருக்கிறது. அந்தப் பள்ளத்தாக்கு கடலை நோக்கித் திறக்காமல் கடற்கரைக்கு இணையாக வடக்கு தெற்காகக் கிடப்பதால் கடற்காற்று எட்டாது. பகலில் வெயில் காயும், இரவில் நன்றாகக் குளிரும். அதனால் பழம் பழுத்தாலும் புளிப்பு இறங்குவதில்லை. இதற்கு டிஓசி கிடைத்தது ஓராண்டு முன்னதாக, 1967இல். இரண்டிலும் குறைந்தது 85 சதவீதம் வெர்திக்கியோ இருக்க வேண்டும் என்பது விதி. நல்ல தயாரிப்பாளர்கள் நூறு சதவீதமும் அதையே போடுகிறார்கள். வாயில் யேசி அகலம், மத்தேலிகா நேர்கோடு.

லேபிளில் மூன்று சொற்களைக் கவனிக்க வேண்டும். ‘கிளாசிக்கோ’ என்றால் பழைய மையப்பகுதித் தோட்டங்கள். ‘கிளாசிக்கோ சுபெரியோரே’ என்றால் அதே பகுதியில் இன்னும் பழுத்த பழம், குறைந்தது 12 சதவீத ஆல்கஹால். ‘ரிசெர்வா’ என்றால் 18 மாதம் வைத்திருந்து வெளியிட்டது. சுள்ளென்ற ஒயின் தேடுகிறவர்களுக்கு நடுவில் உள்ள கிளாசிக்கோ சுபெரியோரேதான் சரியான இடம். வெறும் ‘காஸ்தெல்லி தி யேசி’ என்று மட்டும் போட்ட பாட்டில்களில் நல்லவை இருந்தாலும், கொடியில் அளவுக்கு மீறிக் காய்க்கவிட்டு எடுத்தவை அதிகம். 1950களில் ஃபாஸி பத்தாலியா நிறுவனம் கொண்டுவந்த, இடை சிறுத்த, ஆம்போரா என்ற பழங்கால ஜாடி வடிவப் பச்சைப் பாட்டில்தான் வெர்திக்கியோவை உலகமெங்கும் அறிமுகப்படுத்தியது. அந்த வடிவத்தை மட்டும் வைத்துத் தரத்தை நல்லதென்றோ மட்டமென்றோ முடிவு செய்ய முடியாது.

முதல் பாட்டிலாக மத்தேலிகாவின் கொல்லெஸ்தேஃபனோவைச் சொல்வோம். எஃகுத் தொட்டி மட்டும்தான், மரம் கிடையாது, மாலிக் அமிலத்தையும் மாறவிடுவதில்லை. ஊற்றும்போது பச்சை விளிம்போடு வெளிறித் தெரியும். முதல் முகர்வில் எலுமிச்சைத் தோல், பெருஞ்சீரகத் தழை, நசுக்கிய பச்சை வாதுமை. வாயில் புளிப்பு நேராக இறங்கி, கடைசியில் வாதுமைப் பருப்பின் மெல்லிய கசப்பில் போய் நிற்கும். அந்தக் கசப்புதான் வெர்திக்கியோவின் கையெழுத்து. அது இல்லாத வெர்திக்கியோவைச் சந்தேகத்தோடு பாருங்கள். இதே கசப்பு தொண்டையில் ஒட்டிக்கொண்டு போக மறுத்தால் அது வேறு விஷயம். தோலையும் விதையையும் அதிகம் அழுத்திப் பிழிந்திருக்கிறார்கள்.

யேசி பக்கம் உமானி ரோங்கியின் கசால் தி செர்ரா. நொதித்த பிறகு அடியில் படியும் ஈஸ்ட் மண்டியோடு சில மாதம் எஃகிலேயே ஊறவிடுகிறார்கள். மண்டி ஒயினுக்குச் சதைப்பற்று கொடுக்கிறது, புளிப்பின் முனையை மழுக்குவதில்லை. இத்தாலியில் இந்த இரண்டும் சாதாரணமாக 10 முதல் 15 யூரோவுக்குள் கிடைக்கும். அதற்கு மேலே ஒரு படி கரோஃபோலியின் போதியும். இதிலும் மரமே இல்லை, மண்டியில் இருக்கும் காலம்தான் நீளம். ஓக் பீப்பாய் இல்லாமலே ஒரு வெள்ளை ஒயினுக்கு எவ்வளவு கனம் கொடுக்கலாம் என்று காட்ட இதைவிட நல்ல பாட்டில் தெரியாது.

வில்லா புச்சி ரிசெர்வா தனி வகை. பல பத்தாண்டுகளாகப் புழங்கிய பெரிய ஸ்லாவோனிய ஓக் பீப்பாய்களில் வைக்கிறார்கள். அவ்வளவு பழைய மரம் தன் வாசனையைக் கொடுக்காது, காற்றை மட்டும் துளித்துளியாக உள்ளே விடும். மாலிக் அமிலத்தைத் தடுக்காமல் விட்ட ஒயின் என்று மேலே சொன்னது இதைத்தான். ஆனாலும் மழுங்கவில்லை, ஏனென்றால் வெர்திக்கியோவில் மிஞ்சும் டார்டாரிக் புளிப்பே போதுமானது. விலை அதிகம்தான். இளமையில் திறந்தால் அந்தக் காசு வீண், அறுவடையிலிருந்து ஏழெட்டு ஆண்டாவது காத்திருக்க வேண்டும்.

காத்திருப்பது எளிய வெர்திக்கியோவுக்கும் பொருந்தும். அறுவடைக்கு அடுத்த வசந்தத்திலேயே கடைக்கு வந்துவிடும், அப்போது நொதித்தலின் பழ மிட்டாய் வாடை இன்னும் அடங்கியிருக்காது. இரண்டு மூன்று ஆண்டு கழித்து அது போய்த் திராட்சையின் சொந்தக் குணம் வெளிப்படும். எனவே அலமாரியில் புதிய ஆண்டும் முந்தைய ஆண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், சேமிப்பு நன்றாக இருக்கும் கடையில் பழையதை எடுங்கள். ஆண்டு விவரமும் உதவும். 2021இல் புளிப்பு நன்றாக நிற்கிறது. 2022 வெயிலும் வறட்சியும். 2023இல் வசந்த மழை ஓயாமல் பெய்து அடிச்சாம்பல் என்னும் கொடிநோய் மத்திய, தென் இத்தாலியில் பரவலாக விளைச்சலைத் தின்றது. அந்த ஆண்டில் தயாரிப்பாளர் பெயர் தெரியாமல் வாங்க வேண்டாம்.

வெர்திக்கியோவின் கதை வடக்கே வெரோனாவிலும் தொடர்கிறது. சோவாவேயில் ‘திரெபியானோ தி சோவாவே’ என்ற பெயரில் விளைவதும், கார்தா ஏரிக்கரை லுகானாவில் ‘துர்பியானா’ என்ற பெயரில் விளைவதும் மரபணுச் சோதனையில் வெர்திக்கியோ என்றே தெரியவந்திருக்கின்றன. ஆனால் சோவாவேயின் முதல் திராட்சை அதுவல்ல, கார்கானெகா. குறைந்தது 70 சதவீதம் அதுவே இருக்க வேண்டும். பேரிக்காய், வெள்ளைப் பூக்கள், மறுபடியும் வாதுமை. புளிப்பு வெர்திக்கியோவைவிட ஒரு பிடி குறைவு. அதனால்தான் இடம் இங்கே மிக முக்கியம். சோவாவே எல்லைக்குள் சமதள வண்டல் நிலமும் பெருமளவில் சேர்க்கப்பட்டிருக்கிறது, அங்கே கார்கானெகா தாராளமாகக் காய்த்துத் தண்ணீராகிவிடும். எரிமலைப் பாறையும் சுண்ணாம்பும் கலந்த குன்றுகளில் விளைவதே ‘சோவாவே கிளாசிக்கோ’. கிளாசிக்கோ என்ற சொல் இல்லாத சோவாவேயை, தயாரிப்பாளரைத் தெரிந்தாலொழிய, விட்டுவிடலாம்.

பியெரோப்பானின் கல்வரினோ 1971இலிருந்து வருகிறது. ஒரே தோட்டத்துப் பழத்தில் சோவாவே எடுத்த முதல் பாட்டில் அதுதான். 70 பங்கு கார்கானெகா, 30 பங்கு அந்த வெர்திக்கியோ உறவு, கண்ணாடிப்பூச்சு பூசிய சிமென்ட் தொட்டி. இதே வீட்டின் லா ரோக்கா சுண்ணாம்பு மண்ணில் தாமதமாகப் பறித்து மரத்தில் வைத்தது. அருமையான ஒயின், ஆனால் சுள்ளென்ற ஒயினைத் தேடி வந்தவருக்கு உரியதல்ல. சுவாவியாவின் மொன்தே கார்பொனாரே இன்னொரு நல்ல தேர்வு: கறுத்த எரிமலை மண், எஃகுத் தொட்டி, முழுக்கக் கார்கானெகா.

இர்ப்பினியாவைத் தெற்கத்திய ஊர், வெயில் என்று நினைத்துக் கடந்துபோகிறவர்கள் அதிகம். தோட்டங்கள் 300 முதல் 650 மீட்டர் உயரத்தில் இருக்கின்றன, அறுவடை அக்டோபர் வரை நீளும். கிரேக்கோ தி தூஃபோ, ஃபியானோ தி அவெல்லினோ இரண்டும் 2003இல் டிஓசிக்கு மேற்பட்ட தகுதியான டிஓசிஜி ஆயின. இரண்டும் அழிந்துபோகாமல் நின்றதில் அத்ரிபால்தாவின் மாஸ்த்ரொபெரார்தினோ குடும்பத்துக்கு, குறிப்பாக அன்தோனியோ மாஸ்த்ரொபெரார்தினோவுக்குப் பெரிய பங்கு உண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஊரெல்லாம் அதிக விளைச்சல் தரும் ரகங்களுக்கு மாறியபோது அவர் மாறவில்லை.

கிரேக்கோ கையாளக் கடினமான திராட்சை. தோலில் துவர்ப்பும் கசப்பும் தரும் பீனால் அதிகம், சாறு காற்றுப்பட்டால் சீக்கிரம் பழுப்பேறும். அதனால் காற்றே படாமல் எடுக்கப் பார்க்கிறார்கள், அதன் விளைவு எதிர்ப்பக்கம் வெளிப்படுகிறது: பாட்டிலைத் திறந்ததும் தீக்குச்சி கிழித்த வாடை. தூஃபோ ஊரில் 1866இல் கண்டெடுத்த கந்தகச் சுரங்கம் இருந்ததால் அந்த வாடை மண்ணிலிருந்து வருகிறது என்று விற்பனையாளர்கள் அழகாகச் சொல்வார்கள். மண்ணின் கந்தகம் வேர் வழியாக ஏறிக் கோப்பையில் மணப்பதில்லை. காற்றும் நைட்ரஜன் சத்தும் குறைவான நொதித்தலில் ஈஸ்ட் உண்டாக்கும் கந்தகச் சேர்மங்கள்தான் அவை. தீர்வு எளிது. அகன்ற வாய் ஜாடியில் கலகலவென்று ஊற்றி இருபது நிமிடம் விடுங்கள். தீக்குச்சி வாடை கலைந்து பேரிக்காயும் ஈரக்கல்லும் வரும். அதற்குப் பிறகும் அழுகிய முட்டை, வெந்த முட்டைகோஸ், பூண்டு என்று நின்றால் அந்தப் பாட்டில் கெட்டது, திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான். இளம் கிரேக்கோ பொன்னிறமாக இருந்தால் பதற வேண்டாம், அதன் நிறமே அப்படி.

வாங்க வேண்டியவை: பெனித்தோ ஃபெர்ராராவின் வின்யா சிகோன்யா, மொன்தெஃபுஸ்கோவின் பியெத்ராகூப்பா. ஃபியானோவுக்குச் சுமொன்தே ஊரின் சிரோ பிகாரியெல்லோ, லாப்பியோ ஊரின் கொல்லி தி லாப்பியோ. இரண்டில் எது என்றால், மேசையில் சாப்பாடு இருந்தால் கிரேக்கோ. அதன் துவர்ப்புக்கு எண்ணெயும் கொழுப்பும் வேண்டும். தனியாக மெல்ல அருந்தவும், பத்தாண்டு வைத்திருக்கவும் ஃபியானோ. வயதானால் அதில் வறுத்த ஹேசல்நட்டும் தேனும் புகையும் மணக்கும். அந்த அழகுக்கு ஈடு இந்தப் பட்டியலில் வேறில்லை.

எட்னாவில் விலை ஏறிவிட்டது. எரிமலை என்ற பெயருக்கே காசு கேட்கிறார்கள். ‘எட்னா பியாங்கோ’ என்றால் 60 சதவீதம் கரிக்கான்தே போதும், மிச்சத்தில் கத்தராத்தோ என்ற மென்மையான திராட்சை வரலாம். ‘சுபெரியோரே’ என்றால் குறைந்தது 80 சதவீதம், அதுவும் கிழக்குச் சரிவின் மீலோ ஊரிலிருந்து மட்டும். கடலைப் பார்த்த, மழை மிகுந்த மீலோவில் விளையும் கரிக்கான்தேயின் புளிப்பு கத்தி மாதிரி, பிஎச் 3ஐ ஒட்டியே இருக்கும் (இந்த எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்). பெனாந்தியின் பியெத்ரா மரீனா இதன் உச்சம். ஐந்து ஆண்டுக்கு முன் திறந்தால் எலுமிச்சையும் உப்பும் தவிர வேறொன்றும் தெரியாது. சால்வோ ஃபோத்தியின் ‘இ வின்யெரி’ நிறுவனம் எடுக்கும் வின்யா தி மீலோவும் அதே ஊர், அதே கூர்மை.

மற்றவற்றைச் சுருக்கமாக. காவி (Gavi) என்ற ஊர்ப்பெயர் கொண்ட ஒயினின் கொர்தேசே திராட்சையில் புளிப்பு உண்டு, மணம் குறைவு. பெயருக்காகக் கூடுதல் விலை கொடுக்கிறோம். ரொயேரோவின் ஆர்னெயிஸ் மணக்கும், ஆனால் புளிப்பு குறைவு. இரண்டு வயதுக்குள் குடித்துவிட வேண்டும். பெகொரினோ திராட்சையில் புளிப்போடு ஆல்கஹாலும் 13.5, 14 என்று ஏறும். மதிய வேளைக்கு ஏற்றதல்ல. திமொராஸ்ஸோ திராட்சை சிறப்பானது, ஆனால் கனமானது, இன்னொரு கட்டுரைக்குரியது.

குளிரவைப்பதில்தான் பெரும்பாலான பாட்டில்கள் கெடுகின்றன. 4 டிகிரியில் எல்லா ஒயினும் ஒன்றுபோல் இருக்கும், கசப்பு மட்டும் துருத்தும். கொல்லெஸ்தேஃபனோ போன்ற எளியவற்றுக்கு 8, 9 டிகிரி. கசால் தி செர்ரா, கல்வரினோவுக்கு 10. கிரேக்கோ, ஃபியானோ, பியெத்ரா மரீனா, வில்லா புச்சிக்கு 12. வெயில் நாட்டு அறை வெப்பத்தில் இருக்கும் பாட்டில் குளிர்சாதனப் பெட்டியில் 10 டிகிரிக்கு இறங்கச் சில மணி நேரமாகும். அவசரமென்றால் வாளியில் பாதி ஐஸ், பாதி தண்ணீர், ஒரு கைப்பிடி உப்பு. பாட்டிலின் கழுத்துவரை மூழ்கினால் 15, 20 நிமிடம் போதும். தண்ணீர் இல்லாமல் ஐஸ் மட்டும் போட்டால் கண்ணாடியில் படும் இடம் குறைவு, நேரம் இரட்டிப்பாகும். கோப்பையில் 80, 100 மில்லிக்கு மேல் ஊற்ற வேண்டாம். மிச்சம் குடிப்பதற்குள் சூடேறிவிடும்.

வெப்பத்தில் பயணப்பட்ட பாட்டிலைக் கடையிலேயே கண்டுபிடிக்கலாம். பாட்டில் கழுத்தை மூடிய உறையைக் கார்க் மேலே தள்ளித் துருத்திக்கொண்டிருக்கும், அல்லது உறை திருகினால் சுழலாமல் ஒயின் கசிந்த பசையில் ஒட்டிக்கொண்டிருக்கும். வாங்காதீர்கள். நிறமற்ற கண்ணாடிப் பாட்டில் ஜன்னலோரமோ பளீர் விளக்கடியிலோ நின்றிருந்தால் அதையும் விடுங்கள்; வெளிச்சம் பட்டால் வெள்ளை ஒயினில் முட்டைகோஸ் வாடை வந்துவிடும். திறந்தபின் நனைந்த அட்டைப்பெட்டி வாடை, பழத்தின் மணமே இல்லாத மந்தம் என்றால் கார்க் கெட்டது. காற்றோட்டத்தில் அது போகாது, கூடும். அடியில் சர்க்கரைத்துகள் போல மின்னுவது டார்டாரிக் உப்பு, கண்ணாடி அல்ல. குளிரில் படிந்தது, கேடில்லை.

சாப்பாட்டில் மிளகாய் இருந்தால் கிரேக்கோவை ஒதுக்குங்கள். காரம் கசப்பையும் ஆல்கஹாலின் எரிச்சலையும் தூக்கிக் காட்டும். 12, 12.5 சதவீதத்து வெர்திக்கியோ அல்லது சோவாவே காரத்தைத் தாங்கும். எண்ணெயில் பொரித்த மீன், சிப்பி, இறால் எதற்கும் வெர்திக்கியோ போதும். அன்கோனா கரையில் மொஷோலி என்னும் பாறைச் சிப்பியோடு அதைத்தான் வைக்கிறார்கள், சிப்பியின் உப்பும் ஒயினின் உப்புச்சாயலும் ஒன்றையொன்று இழுத்துக்கொள்ளும். கிரேக்கோவுக்கு எருமைப்பால் மொத்சரெல்லா, வெண்ணெய் உருகிய கணவாய்.

முழுப் பாட்டிலும் தீராது என்று முன்பே தெரிந்தால், திறந்த உடனே பாதியைச் சுத்தமான 375 மில்லி பாட்டிலில் கழுத்துவரை நிரப்பி இறுக்க மூடிக் குளிரில் வையுங்கள். காற்றுக்கு இடமில்லாததால் வாரக்கணக்கில் நிற்கும். பாதி குடித்த பாட்டிலை அப்படியே மூடி வைத்தால் வெர்திக்கியோ மூன்று நான்கு நாள் தாங்கும், இரண்டாம் நாள் இன்னும் நன்றாகக்கூட இருக்கும். சோவாவே இரண்டு மூன்று நாள். கிரேக்கோவை மறுநாளே முடித்துவிட வேண்டும்.